ஆறு வாரத்துக்கு முன் எங்கே மேய்ந்தது?

தென்னாப்பிரிக்காவில் ஆடு மாடு வளர்ப்பவர்கள் ஒரு நோய்க்கு 'கவ்சீக்டெ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'சட்டென்று வரும் நோய்' என்று பொருள். காலையில் நன்றாக மேய்ந்த ஆடு, தண்ணீருக்கு ஓட்டிப் போகும்போது நாலு எட்டு வைத்து அப்படியே விழும். காய்ச்சல் கிடையாது, கழிச்சல் கிடையாது, தீவனத்தை ஒதுக்கியது என்று சொல்ல ஒரு நாள்கூடக் கிடையாது. விழுந்தால் முடிந்தது.

இந்தப் பெயர்தான் ஆட்களை ஏமாற்றியது. சட்டென்று செத்தால் அன்று தின்றதைத்தானே சந்தேகப்படத் தோன்றும்? ஆனால் ஆட்டைக் கொன்ற இலை அதன் வயிற்றுக்குள் போய் நாலிலிருந்து எட்டு வாரம் ஆகியிருக்கும். அதற்குள் மேய்ச்சல் நிலம் மாறியிருக்கும், மழை வந்து போயிருக்கும், ஆடே வேறு ஆள் கைக்கு மாறியிருக்கும். விழுந்த இடத்தைச் சுற்றி எத்தனை செடியைப் பிடுங்கிப் பார்த்தாலும் குற்றவாளி அங்கே இல்லை.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தத் தகடு பார்க்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தகட்டில் இருந்த மலேரியா ஒட்டுண்ணியைச் சாயப் பொடி என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த மூத்தவர் மறுபடி பார்க்கச் சொன்னதால் அந்த நோயாளி பிழைத்தார், நானும் பிழைத்தேன். அந்த வெட்கத்தில்தான் சிவப்பணுவுக்குள் வாழும் உயிர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்துக்கொண்டே போனால் மனிதரிடமிருந்து மாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களில் பலவற்றை முதலில் மாட்டிடம்தான் கற்றிருக்கிறார்கள்.

படித்த எல்லாவற்றிலும் ஒரே தொல்லை திரும்பத் திரும்ப வந்தது. காரணம் ஒரு நாளில் இருக்கிறது, சாவு வேறொரு நாளில் இருக்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் வதந்தி, சாபம், பக்கத்துத் தோட்டக்காரன் மேல் பழி, பெரிய நிபுணர்களின் தவறான முடிவு எல்லாம் புகுந்துகொள்கின்றன. பழைய கால்நடை ஆய்வாளர்கள் செய்ததில் முக்கால்வாசி வேலை இந்த இடைவெளியை அளந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு டெக்சாஸ் காய்ச்சலைவிட நல்ல உதாரணம் கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் டெக்சாஸிலிருந்து பெரும் மந்தைகளை வடக்கே ஓட்டிப் போனார்கள். டெக்சாஸ் மாடுகள் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்தன. ஆனால் அவை நடந்துபோன, மேய்ந்த நிலத்தில் சில வாரம் கழித்து மேய்ந்த வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் கண்டு, சிவப்பாகச் சிறுநீர் கழித்து, கூட்டம் கூட்டமாகச் செத்தன. வந்த மாட்டுக்கு ஒன்றும் இல்லை, வரவேற்ற மாடு சாகிறது. மிசூரியிலும் கான்சாஸிலும் விவசாயிகள் துப்பாக்கியோடு நின்று டெக்சாஸ் மந்தைகளை மறித்ததில் வியப்பே இல்லை.

மூச்சுக்காற்று, எச்சில், சாணம், சிறுநீர் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மாடு வளர்த்தவர்களில் பலர் மட்டும் உண்ணிதான் என்றார்கள். 1868இல் அரசாங்கம் அழைத்து விசாரிக்கச் சொன்ன ஜான் காம்ஜீ என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் அந்தக் கருத்தை அபத்தம் என்று தள்ளிவிட்டார். அவர் சாமானியரில்லை, தொற்றுநோய் விஷயத்தில் பேர் பெற்றவர். ஆனால் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் நியாயமானதுதான். அந்த உண்ணி ஒரு மாட்டில் ஏறினால் வாழ்நாள் முழுக்க அதே மாட்டில்தான் இருக்கும். இன்னொரு மாட்டுக்குத் தாவாத பூச்சி எப்படி நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்?

அமெரிக்க வேளாண் துறையில் 1884இல் கால்நடைத் தொழில் பிரிவு ஒன்று தொடங்கியது. அதன் தலைவர் டேனியல் சால்மன். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் தியோபால்ட் ஸ்மித், படிப்பால் மனித மருத்துவர். (சால்மொனெல்லா என்ற பெயர் இந்த சால்மனிடமிருந்து வந்தது. கிருமியைக் கண்டவர் ஸ்மித். அலுவலக வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.) ஸ்மித், கால்நடை மருத்துவர் ஃபிரெட் கில்போர்ன், உண்ணியின் வாழ்க்கையை உட்கார்ந்து கவனித்த கூப்பர் கர்ட்டிஸ் ஆகிய மூவரும் 1889இல் வாஷிங்டனுக்கு அருகே ஒரு பண்ணையில் சோதனையைத் தொடங்கினார்கள். மாட்டுக்காரர் பேச்சை ஒரு கருதுகோளாக எடுத்துக்கொண்டு சோதித்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த அம்சம்.

சோதனை அவ்வளவு எளிமையானது. ஒரு வேலிக்குள் உண்ணியோடு இருந்த தெற்கத்தி மாடுகளையும் வடக்கத்தி மாடுகளையும் சேர்த்து விட்டார்கள். இன்னொரு வேலிக்குள் விட்ட தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கியிருந்தார்கள். இப்படிப் பிடுங்குவது என்ன வேலை என்று மாட்டைத் தொட்டவர்களுக்குத் தெரியும். ஒன்றைப் பிடுங்கினால் தொடைச்சந்தில் கடுகளவில் நாலு ஒளிந்திருக்கும். மூன்றாவது வேலிக்குள் தெற்கத்தி மாடே கிடையாது, புல்லில் உண்ணிகளை மட்டும் தூவினார்கள். முதல் வேலியில் வடக்கத்தி மாடுகள் விழுந்தன. இரண்டாவதில் பிழைத்தன. மூன்றாவதில், ஒரு டெக்சாஸ் மாட்டைக்கூடப் பார்க்காத மாடுகள் விழுந்தன.

அப்புறம் தாவாத பூச்சி என்ற புதிர். தடித்த பெண் உண்ணி மாட்டிலிருந்து தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். ஸ்மித் அந்த முட்டைகளை ஆய்வகக் கண்ணாடிப் பாத்திரத்தில் பொரிக்க வைத்தார். பிறந்ததிலிருந்து எந்த மாட்டையும் தொடாத குஞ்சுகள் அவை. அவற்றை ஒரு நல்ல மாட்டின் மேல் விட்டார். அதற்குக் காய்ச்சல் வந்தது. ஒட்டுண்ணி தாயின் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போயிருந்தது. உண்ணி தாவவில்லை, அதன் பிள்ளைகள் ஏறின.

இடைவெளிக்கும் இதுவே விடை. முட்டை பொரியவும், குஞ்சு புல்லின் நுனியில் ஏறி உட்காரவும், அடுத்த மாடு வரவும் ஆன வாரங்கள்தான் அந்த மர்ம வாரங்கள். தெற்கத்தி மாடு ஏன் நோய்ப்படவில்லை என்பதும் சேர்ந்தே புரிந்தது. கன்றுப் பருவத்திலேயே லேசாக நோய் வாங்கித் தாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே கிருமியோடே வாழ்ந்துகொண்டிருந்தது. செத்த மாட்டின் ரத்தத் தகட்டில், சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரட்டை இரட்டையாக இருந்த அந்த உயிரை இன்று பபீசியா என்கிறோம். நான் சாயப் பொடி என்று ஒதுக்கியிருக்கக்கூடிய அளவுதான் இருக்கும்.

1893இல் சுமார் 300 பக்க அறிக்கையாக இது வெளிவந்தது. ஒரு பூச்சி இனம் பாலூட்டிக்குக் காய்ச்சலைக் கொண்டு சேர்க்கிறது என்பதற்கு அவ்வளவு தெளிவான ஆதாரம் அதற்கு முன் இல்லை. மலேரியாக் கொசுவை ரொனால்ட் ராஸ் கண்டது இதற்கு நாலு வருடம் கழித்து. 1906இல் தொடங்கி 1943 வரை அமெரிக்கா மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி முக்கியே அந்த உண்ணியைப் பெரும்பாலும் ஒழித்தது. அது ஆர்சனிக் என்ற நஞ்சைக் கலந்த தொட்டி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொட்டிகள் இருந்த மண்ணில் ஆர்சனிக் பிறகும் தங்கியிருந்தது.

ஆப்பிரிக்காவுக்கு வருவோம். 1894இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் மனைவி மேரியோடு சுலு நாட்டின் உபோம்போ மலைக்குப் போனார். அங்கே மாடுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கொன்ற நோய்க்கு சுலு மொழியில் 'நகானா' என்று பெயர். வெள்ளைக்காரர்கள் ட்செட்சி ஈயின் கடியே விஷம் என்றார்கள். சுலு மக்களோ காட்டு விலங்குகளால் வருகிறது, அவை புழங்கும் இடத்துப் புல்லிலும் தண்ணீரிலும் கேடு இருக்கிறது என்றார்கள். புரூஸ் குதிரைகளின் வாயைச் சாக்கால் கட்டி ஈ இருக்கும் பள்ளத்துக்கு ஓட்டிப் போனார். ஒரு வாய் புல்லோ தண்ணீரோ படாமல் திரும்பிய குதிரைகளுக்கு நோய் வந்தது. பள்ளத்துப் புல்லையும் தண்ணீரையும் மேலே கொண்டுவந்து வேறு குதிரைகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, ஈ கட்சி ஜெயித்தது என்று தோன்றும். பாதிதான் ஜெயித்தது. ஈயின் கடியில் விஷம் எதுவும் இல்லை. அது டிரிபனசோமா என்ற ஒட்டுண்ணியைக் கொண்டு வருகிறது. அந்த ஒட்டுண்ணி, நோய் தெரியாத மான்களிடமும் எருமைகளிடமும் சேமிப்பாக இருக்கிறது. காட்டு விலங்கு என்று சொன்ன சுலு மாட்டுக்காரர் தவறவிட்டது நடுவில் இருந்த ஈயை மட்டும்தான். இரண்டு பாதிகளையும் ஒட்டவைத்தவர் என்று புரூஸுக்கு முழு மதிப்பும் கொடுக்கலாம். ஆனால் அவரும் இடைவெளியில் வழுக்கினார். ஈ ஒரு வெறும் ஊசி, கடித்து இரண்டு நாள் போனால் அதில் நோய் இருக்காது என்று முடிவு கட்டிவிட்டார். 1909இல் ஃபிரீட்ரிக் கிளைன் என்ற ஜெர்மானியர் பொறுமையாக மேலும் காத்திருந்தார். ஏறக்குறைய மூன்று வாரத்தில் அதே ஈக்கள் மறுபடி நோயைப் பரப்பத் தொடங்கின. ஒட்டுண்ணி ஈயின் உடம்புக்குள் வளர எடுத்துக்கொண்ட காலம் அது. ராணுவ மருத்துவர் முன்னாடியே எழுந்து போய்விட்டார், அவ்வளவுதான்.

சுலு மக்கள் சொன்ன பாதி உண்மைக்கு ஒரு கொடிய பின்கதை உண்டு. காட்டு விலங்கு சேமிப்பு என்றதும் பின்வந்த பத்தாண்டுகளில் சுலு நாட்டில் ஆயிரக்கணக்கான காட்டு விலங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஈ போகவில்லை.

இனி டைலர். ஆர்னால்ட் டைலர் 1867இல் சுவிட்சர்லாந்தின் ஃபிரிக் என்ற ஊரில் பிறந்தவர். 1891இல் கால்நடை மருத்துவராகத் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலுக்கு வந்தார். மருத்துவத் தொழில் ஓடாமல் ஒரு பண்ணையில் வேலை பார்த்தபோது தீவனம் நறுக்கும் எந்திரத்தில் இடது கை போய்விட்டது. ஒற்றைக் கையால் சடலம் அறுத்து, ஒற்றைக் கையால் நுண்ணோக்கியைத் திருகி வாழ்ந்த மனிதர். 1908இல் பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஓண்டர்ஸ்டிபூர்ட் என்ற இடத்தில் அவர் தலைமையில் ஆய்வு நிலையம் தொடங்கியது. இவருடைய மகன் மாக்ஸ்தான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951இல் நோபல் பரிசு பெற்றவர்.

நிலையம் வருவதற்கு முன்பே டைலருக்கு ஒரு பெரிய கணக்கு வந்து சேர்ந்தது. கொள்ளைநோயிலும், ஆங்கிலேயருக்கும் டச்சு வம்சாவளிக் குடியேறிகளுக்கும் நடந்த போயர் போரிலும் அழிந்த மாடுகளை ஈடுகட்டக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மாடுகளைக் கப்பலில் இறக்கினார்கள். கூடவே 1901 வாக்கில் ஒரு காய்ச்சலும் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) இறங்கியது. டெக்சாஸ் காய்ச்சல்தான் கொடூரமாகிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். காசநோய்க் கிருமியைக் கண்ட ராபர்ட் கோக்கையே வரவழைத்தார்கள், அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அவர் கொடுத்த தடுப்பு முறையும் பலிக்கவில்லை. டைலர் இது வேறு நோய் என்று பிரித்துக் காட்டினார். டெக்சாஸ் காய்ச்சல் ரத்தத்தை ஊசியால் ஏற்றினால் தொற்றும், இது தொற்றாது. பழுப்புக் காது உண்ணி வழியாகத்தான் வரும் என்பதை கேப் மாநிலப் பூச்சியியலாளர் சார்லஸ் லவுன்ஸ்பரி காட்டினார். இங்கேயும் ஒரு காத்திருப்புக் கணக்கு இருக்கிறது. சுமார் 15 மாதம் ஒரு நிலத்தில் மாடே விடாமல் வைத்தால் உண்ணியிடம் இருக்கும் நோய் தீர்ந்துவிடும். சும்மா போட்டு வைப்பதும் ஒரு மருந்துதான். அந்த ஒட்டுண்ணிக்கு இன்று தைலேரியா என்று பெயர்.

டைலரின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் தோற்றுத் திரும்பிய இடம். 'லாம்சீக்டெ' என்றால் முடங்கும் நோய். மாட்டின் பின்கால் தளரும், நாக்கு தொங்கும், விழுங்க முடியாது, தாடை அசையாது, நினைவு தெளிவாக இருக்கும்போதே படுத்த படுக்கையாகிச் சாகும். ஒரு பண்ணையில் வரும், வேலிக்கு அந்தப் பக்கம் வராது. ஆகவே ஏதோ விஷச் செடி என்று எல்லாரும் தேடினார்கள். டைலரும் தேடினார். 1912இல் அவர் எழுதியது புல்லே சில பருவ நிலைகளில் நஞ்சை உண்டாக்குகிறது என்ற கருத்து. அது தவறு.

சரியான துப்பு எப்போதோ கிடைத்திருந்தது. கேப் மாநிலக் கால்நடை மருத்துவர் டங்கன் ஹட்சியன் அதற்குப் பல வருடம் முன்பே இந்தப் பகுதி மாடுகளுக்கு எலும்புத் தூள் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். நிலத்தில் பாஸ்பேட் போதவில்லை என்பது அவர் கணக்கு. எலும்புத் தூள் தின்ற மாடுகளுக்கு நோய் குறைகிறது என்று சில பண்ணைக்காரர்களும் கண்டிருந்தார்கள். ஆனால் சத்துக் குறைவால் வரும் நோய் என்றால் மெதுவாக இளைத்துத்தானே சாக வேண்டும்? இதுவோ மூன்று நாளில் முடக்குகிறது. சத்துக் குறைவும் நஞ்சும் ஒரே நோய்க்குள் எப்படிப் பொருந்தும் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

வ்ரைபர்க் அருகே ஆர்மூட்ஸ்வ்லாக்டெ என்ற பண்ணையில் விடை கிடைத்தது. அந்தப் பெயருக்கு 'வறுமைச் சமவெளி' என்று பொருள். அங்கே மண் ஏழை, அதனால் புல் ஏழை, அதனால் மாடு ஏழை. பாஸ்பரஸ் பற்றாத மாட்டுக்கு எலும்பின் மேல் ஒரு வெறி வரும். வெயிலில் வெளுத்துக் கிடக்கும் எலும்பைத் தேடிப் போய்க் கடைவாயில் வைத்து அரைக்கும். வெளுத்த எலும்பால் கேடில்லை. வெறி முற்றிய மாடு, அழுகிய சதை ஒட்டிக்கொண்டிருக்கும் எலும்பையும் விடாது. அந்த அழுகலில், பாட்டுலிசம் என்ற முடக்கு நோயைத் தரும் கிருமியின் நஞ்சு இருந்தது. டைலரும் உடனிருந்தவர்களும் எலும்பு வெறி பிடித்த மாடுகளுக்கு அழுகிய எலும்பை ஊட்டி லாம்சீக்டெயை வரவழைத்தார்கள். 1920 வாக்கில் இது உறுதியாயிற்று. கிருமியை ராபின்சன் என்பவர் பிரித்தெடுத்தார்.

இந்தச் சங்கிலியை நான் பல தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மண்ணில் குறை, புல்லில் குறை, மாட்டுக்கு வெறி, எலும்பில் நஞ்சு, கடைசியில் முடக்கம். முடங்கிச் செத்த மாடு அடுத்த மாட்டுக்கு எலும்பாகக் கிடக்கிறது. நஞ்சு வாய்க்குள் போவதற்கும் சாவுக்கும் நடுவே சில நாள்தான். ஆனால் உண்மையான இடைவெளி அந்த மண் உருவான காலத்திலிருந்து தொடங்குகிறது. விஷச் செடி தேடிய அத்தனை பேரும் மாடு எதைத் தின்றது என்று கேட்டார்கள். எது கிடைக்காததால் அதைத் தின்றது என்று கேட்க ஆள் இல்லை.

வைத்தியம் சப்பென்று இருக்கும். சுத்தமான எலும்புத் தூளைக் கொடு, சடலங்களை அப்புறப்படுத்து. எலும்புத் தூள் தின்ற மாடுகள் நோயிலிருந்து தப்பியதோடு எடையும் கூடின, பாலும் கூடுதலாகக் கறந்தன. நோயைத் தேடிப் போய் ஊட்டத்தைக் கண்டுபிடித்த கதை இது.

விஷச் செடிகளே இல்லை என்று அர்த்தமில்லை. ஓண்டர்ஸ்டிபூர்ட்டில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றும் அதில் இருக்கிறது, நெருஞ்சி. கரூ வறண்ட நிலத்துச் செம்மறிகளுக்கு மழைக்குப் பின் 'கீல்டிக்கோப்' என்று ஒரு நோய் வரும். 'மஞ்சள் வீங்குதலை' என்று சொல்லலாம். முகமும் காதும் வீங்கி, தோல் மஞ்சளாகி, வெந்ததுபோல் உரியும். வாடிய நெருஞ்சியைத் தின்றதால் என்றார்கள். சோதனையில் ஊட்டினால் சில தடவை நோய் வந்தது, பல தடவை வரவில்லை. இந்தக் குழப்பம் பல பத்தாண்டுகளுக்கு நீடித்தது.

இடையில் என்ன நடக்கிறது என்பதை 1930களில் குவின், ரிமிங்டன் என்ற இருவர் விளக்கினார்கள். ஆடு தின்னும் பச்சையம் குடலில் சிதைந்து ஒரு நிறமியாகும். நல்ல கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். பித்தம் அடைபட்டால் நிறமி ரத்தத்தில் ஏறித் தோலுக்கு வரும். அங்கே வெயில் பட்டதும் தோலைச் சுடும். அதாவது நெருஞ்சி தொட்டது கல்லீரலை, ஆட்டைச் சுட்டது சூரியன், அதற்கு விறகு எல்லாப் புல்லிலும் இருக்கும் பச்சையம். நெருஞ்சிப் பூ சூரியன் போகும் பக்கம் திரும்பும் என்பார்கள். அதைத் தின்ற ஆடு சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிழல் தேடி நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 'பிக்டோ நோய்', நியூசிலாந்தில் 'வின்டன் நோய்', கேப் மாநிலத்தில் 'மோல்டெனோ நோய்'. மூன்றும் ஊர்ப் பெயர்கள். மாட்டின் கல்லீரல் கல்லாக இறுகிச் சாகும். பிக்டோவில் இதைத் தொற்றுநோய் என்றே வெகுகாலம் நம்பினார்கள். நியூசிலாந்தில் ஜான் கில்ருத், கேப்பில் வில்லியம் ராபர்ட்சன் என்று 1900களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு மூலையிலிருந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். செனீசியோ என்ற மஞ்சள் பூச்செடிப் பேரினம்தான் காரணம். மூன்று ஊரும் தன் ஊருக்கு மட்டும் வந்த தனிச் சாபம் என்று நினைத்திருந்தது. இதிலும் தின்றதற்கும் சாவுக்கும் நடுவே மாதக்கணக்கு.

இந்த ஆய்வுகள் எதையும் புனிதமாக்க வேண்டியதில்லை. ஊட்டிப் பார்த்தார்கள் என்று ஒரு வரியில் நான் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் செத்த ஆடு மாடுகள் ஏராளம். உண்ணி பிடுங்கியவர், செடி பறித்து வந்தவர், சோதனை ஆட்டை எட்டு வாரம் மேய்த்துக் காத்தவர் யார் என்று தேடினால் பெயர் அகப்படுவதில்லை. இந்த ஆட்டின் நடை நேற்றுப்போல் இல்லை என்று முதலில் சொன்னது அவர்களாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அமெரிக்காவின் லோகோ செடிக் கதையோடு மறுபடி கவ்சீக்டெக்கு வருகிறேன். லோகோ தின்ற குதிரையும் மாடும் வாரக்கணக்கில் தின்றபின் பித்துப் பிடித்ததுபோல் தடுமாறும். ட்வைட் மார்ஷ் 1905இலிருந்து கொலராடோவின் ஹியூகோவில் விலங்குகளுக்கு அதை ஊட்டிக் குற்றத்தை உறுதிப்படுத்தினார். அதே காலத்தில் வேளாண் துறை வேதியியலாளர் ஒருவர் செடியில் இருக்கும் பேரியம்தான் நஞ்சு என்று 1908இல் அறிவித்தார், அது நிற்கவில்லை. ஸ்வைன்சோனின் என்ற உண்மையான நஞ்சு செடியில் தெரிய 1980கள் ஆயிற்று. அதற்கும் பிறகுதான் அடுத்த திருப்பம். அந்த நஞ்சைச் செடி செய்யவில்லை. செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை செய்கிறது.

கவ்சீக்டெயிலும் ஏறக்குறைய இதே கதை. டைலர், டு டாய்ட், மிச்செல் என்ற மூவர் 1923இல் ஒரு சிறு புதர்ச்செடியை அடையாளம் காட்டினார்கள். பின்னால் அதே காப்பிச் செடிக் குடும்பத்தில் இன்னும் சில செடிகள் சேர்ந்தன. அதில் ஒரு பேரினத்துக்குப் பவெட்டா என்று பெயர், நாம் பாவட்டை என்று சொல்லும் செடியும் அந்தப் பேரினம்தான். (நம் பாவட்டை மேல் யாரும் இந்தப் பழியைப் போடவில்லை.) 1990களில் பிரித்தெடுத்த நஞ்சுக்குப் பவெட்டமீன் என்று பெயர் வைத்தார்கள். இதயத் தசை புரதம் செய்வதை அது தடுக்கிறது. தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒரு நாள் ஓடும்போது நின்றுவிடுகிறது. அந்த எட்டு வாரமும் இதயம் உள்ளே கரைந்துகொண்டிருந்த வாரங்கள். இந்தச் செடிகளின் இலைகளுக்குள் பாக்டீரியாக்கள் குடியிருப்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. நஞ்சில் அவற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆய்வு போய்க்கொண்டிருக்கிறது.

மருந்து இன்றும் இல்லை. செத்த ஆட்டை அறுத்து, இடது இதயச் சுவர் மெலிந்து விரிந்து தொங்குவதைப் பார்த்ததும், கால்நடை மருத்துவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மேய்த்தவரைக் கூப்பிடுகிறார். ஆறு வாரத்துக்கு முன்னால் மந்தை எந்தப் பக்கம் போனது என்று கேட்கிறார்.